எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? பீடோங் வாசகர்களுக்குப் பதில்கள்

இம்மாதப் பகுதிக்குத் தேர்ந்தெடுத்த கடிதங்கள் எல்லாம் கெடா, பீடோங் பட்டணத்திலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவை. பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் யார் பெயரையும் போடவில்லை. உங்களுக்குப் பிடித்த எழுத்தாளர் யார் என்று கேட்டிருந்தோம். பிடித்தவரைவிடப் பிடிக்காமல் போனவரைப் பற்றித்தான் பலர் எழுதியிருக்கிறீர்கள். பெரிய பெயர் என்று கேள்விப்பட்டு, அவருடைய ஆகக் கனமான நாவலை முதலில் எடுத்து, முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்த கதைதான் அதிகம். எழுத்தாளர் மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை. நுழைந்த வாசல்தான் சரியில்லை. ஆகவே யாரை எந்தப் புத்தகத்தில் தொடங்குவது என்பதையே இந்த முறை கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம்.

மூன்றாம் படிவம் படிக்கும் என் மகன் ஆங்கிலத்தில் துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து படிக்கிறான். தமிழ் என்றால் பத்துப் பக்கத்தில் மூடிவிடுகிறான். தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளைதான். யாரைக் கொடுத்துப் பார்க்கலாம்?
– இல்லத்தரசி, பீடோங்

சுஜாதாவைக் கொடுங்கள், அம்மா. ஆனால் கையில் கிடைத்த சுஜாதாவைக் கொடுக்காதீர்கள். அவர் வார இதழ்களில் பெரியவர்களுக்காக எழுதியவர். கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் வரும் கதைகளில் வசந்தின் கிண்டல் சில இடங்களில் பதினைந்து வயதுக்குப் பொருந்தாது. முதலில் ‘என் இனிய இயந்திரா’. ஜீவா என்ற சர்வாதிகாரியின் கீழ் இருக்கும் எதிர்கால நாடு, காணாமல் போன கணவனைத் தேடும் நிலா, புத்தகம் படிக்கும் இயந்திர நாய் ஜீனோ. நாய் பேச ஆரம்பித்துவிட்டால் பையன் கீழே வைக்கமாட்டான். அதன் தொடர்ச்சி ‘மீண்டும் ஜீனோ’. இதை முதலில் படித்துவிட்டால் முந்தைய கதையின் முடிச்செல்லாம் அவிழ்ந்துபோகும், வரிசையை மாற்றவேண்டாம். மூன்றாவதாக ‘கொலையுதிர் காலம்’. நடப்பது பேயின் வேலையா விஞ்ஞானமா என்ற கேள்வியிலேயே ஓடும் நாவல். இதை நீங்கள் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பது நல்லது.

பத்துப் பக்கத்தில் மூடுவதற்குக் காரணம் சுவை இல்லாமை என்று நினைக்கவேண்டாம். ஆறாம் ஆண்டோடு அவன் நீண்ட தமிழ் வாசிப்பு நின்றுபோயிருக்கும். ஆங்கிலச் சொல்லை அவன் கண் பார்த்ததுமே பிடித்துக்கொள்கிறது. தமிழில் ‘போய்க்கொண்டிருந்தவனிடமிருந்து’ மாதிரி ஒரு சொல் வந்தால் இன்னும் எழுத்தெழுத்தாகக் கடக்கிறது. கதை நகர்வதற்குள் களைத்துவிடுகிறான். இதற்கு வழி உண்டு. முதல் அத்தியாயத்தை நீங்கள் சத்தமாக வாசியுங்கள், அவன் கண்ணை வரிமேல் ஓட்டிக்கொண்டு வரட்டும். இரண்டாவது அத்தியாயத்தை ஆளுக்கு ஒரு பக்கமாக வாசியுங்கள். மூன்றாவதிலிருந்து அவனே தனியாக. ஒரு நாளைக்கு 20 நிமிடம், தினமும் ஒரே நேரம். மூன்று வாரத்தில் வேகம் கூடுவது உங்களுக்கே தெரியும். சொல்லுக்குச் சொல் பொருள் கேட்காதீர்கள். ஒரே சொல் மூன்று முறை தடுக்கினால் மட்டும் சொல்லிக்கொடுங்கள். படித்து முடித்ததும் ‘இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதோடு புத்தகம் பாடமாகிவிடும்.

நாற்பது பக்கம் போயும் பிடிக்கவில்லையென்றால் வற்புறுத்தாமல் மாற்றிவிடுங்கள். சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் இரண்டும் வாசிப்பு வேகத்துக்கு நல்ல பயிற்சி. 1972 சனவரியில் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸ் இன்றும் வருகிறது. வீட்டில் தம்பி தங்கை இருந்தால் நம் கெடாவைச் சேர்ந்த கே. பாலமுருகன் சிறுவர்களுக்கு எழுதிய ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ ஏற்றது. நம் ஊர்ப் பிள்ளைகள் பேசும் பேச்சு அதில் இருக்கிறது.

நான் ரமணிசந்திரன் நாவல்கள் எல்லாம் படிப்பேன். வீட்டில் கிண்டல் செய்கிறார்கள். இதெல்லாம் வாசிப்பில் சேராதா?
– செம்பனைத் தோட்ட ஊழியர்

ஏன் சேராது அக்கா? வேலை முடிந்து வந்து இருநூறு பக்கத்தை ஒரே மூச்சில் முடிக்கிற பழக்கம் பெரிய சொத்து. கனமான புத்தகம் என்று வாங்கி அடுக்கி வைத்திருப்பவர் பலருக்கு அது இல்லை. ஆனால் ஒரே மாதிரி முடிவு சலிக்கத் தொடங்கியிருந்தால் பக்கத்துக் கதவைத் திறந்து பாருங்கள். டாக்டர் தொழில் பார்த்துக்கொண்டு, தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வாழ்ந்த லக்ஷ்மியின் நாவல்களில் குடும்பமும் உண்டு, காதலும் உண்டு, தன் காலில் நிற்கும் பெண்ணும் உண்டு. அவருடைய ‘ஒரு காவிரியைப் போல’ 1984இல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. அங்கிருந்து ராஜம் கிருஷ்ணனுக்குப் போகலாம். ‘கரிப்பு மணிகள்’ தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. கூலிக் கணக்கும் கணக்கப்பிள்ளையும் வெயிலும் உங்களுக்குப் பழகியவைதான், இடம் மட்டும் வேறு. நீளமாகப் படிக்க நேரமில்லாத நாளுக்கு ஆர். சூடாமணியின் சிறுகதைகள். ரமணிசந்திரனை விடவேண்டாம், இவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடாரம் என்பது நம் கெடாதான் என்கிறார்கள். கடாரத்தைப் பற்றிப் படிக்க ‘பொன்னியின் செல்வன்’ வாங்கினேன். நான்காம் பாகம் வந்தும் கடாரத்தைக் காணோம். வேறு நாவல் இருக்கிறதா?
– பணி ஓய்வு பெற்ற கிராணி, சுங்கை பட்டாணி

ஐயா, ஐந்தாம் பாகம் முடித்தாலும் அதில் கடாரப் படையெடுப்பு வராது. ‘பொன்னியின் செல்வன்’ முதலாம் இராசராசன் அரியணை ஏறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே நின்றுவிடுகிறது. அவர் பட்டத்துக்கு வந்தது 985இல். கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பியவர் அவர் மகன் இராசேந்திரன், அது 1025ஐ ஒட்டி. அவருடைய மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டுகளின் தொடக்கத்தில் வரும் புகழுரையில், ஸ்ரீவிசயம், மலையூர், இலங்காசோகம், மாதமாலிங்கம், நக்கவாரம் என்று வரிசையாக வென்ற ஊர்களைச் சொல்லிவிட்டுக் கடாரத்தில்தான் முடிக்கிறார்கள்.

இராசேந்திரனை நாயகனாக வைத்த நாவல்கள் அகிலனின் ‘வேங்கையின் மைந்தன்’, பாலகுமாரனின் ‘கங்கை கொண்ட சோழன்’. முதலாவது விறுவிறுப்பு. இரண்டாவது நான்கு பாகம், நிதானம், நிர்வாகமும் போர் ஏற்பாடும் நிறைய.

ஆனால் நீங்கள் தேடுவது சாண்டில்யனின் ‘கடல் புறா’ என்று நினைக்கிறோம். மூன்று பாகம். நாயகன் கருணாகர தொண்டைமான். ‘கலிங்கத்துப்பரணி’ பாடும் படைத்தலைவன் அவன், கற்பனை ஆள் இல்லை. கடாரத்து இளவரசி காஞ்சனா தேவி சாண்டில்யனின் கற்பனை. காலம் இராசேந்திரனுக்குப் பிந்தையது. கடாரத்தைத் தேடி முதல் பாகத்தைத் திறந்தால் கலிங்கத்துப் பாலூர்த் துறைமுகம்தான் வரும், அங்கே விட்டுவிடாதீர்கள். இரண்டாம் பாகத்திலிருந்து கதை நம் பக்கத்துக் கடலுக்கு வந்துவிடுகிறது. கப்பல் கட்டும் விதம், பாய்மரம், எரியம்பு, கடற்போர் உத்தி எல்லாம் சாண்டில்யன் ரசித்து எழுதுவார். அந்தப் பக்கங்களை மெதுவாகப் படியுங்கள். பெண்களின் அழகை வருணிக்கும் இடங்கள் பக்கக் கணக்கில் போகும். அவற்றைத் தாண்டிப் போனால் கதைக்கு ஒன்றும் குறையாது.

ஒன்று மட்டும் கவனம் ஐயா. நாவலில் வரும் அரண்மனையையும் கோட்டையையும் வரலாறாகப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிவிடக்கூடாது. கண்ணால் பார்க்கக்கூடியது உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. குனோங் ஜெராய் அடிவாரத்தில் மெர்போக் தொல்பொருள் காட்சியகமும், அங்குள்ள சண்டி புக்கிட் பத்து பகாட் கோயில் அடித்தளமும் போய்ப் பாருங்கள். செமெலிங் பக்கம் சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. ‘கடல் புறா’ இரண்டாம் பாகம் முடித்துவிட்டு ஒருநாள் போய்வந்தால், மூன்றாம் பாகம் படிக்கும்போது கற்பனை எங்கே தொடங்குகிறது என்று உங்களுக்கே பிடிபடும்.

தோட்ட வாழ்க்கையைப் பற்றி நல்ல நாவல் எது? தாத்தா சயாம் ரயில் போட்ட இடத்துக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். தமிழ்நாட்டு எழுத்தாளர்கள் பெயர்தான் எனக்குத் தெரியும்.
– கல்லூரி மாணவர், பீடோங்

தம்பி, இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. நம் தோட்டங்களைப் பற்றிய எழுத்து ஒரு முழு அலமாரிக்கு இருக்கிறது. நம் பிள்ளைகளே அதைத் தெரியாமல் இருப்பது வருத்தம்.

ஜப்பானியர் போட்ட சயாம் – பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பெரும் பகுதியினர் திரும்பவில்லை. காலரா, மலேரியா, பட்டினி, அடி. போர்க்கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்கள் நாட்குறிப்பும் நினைவுநூலும் எழுதிவைத்தார்கள். நம்மவர்களின் கதை பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது. அதை நாவலுக்குள் கொண்டுவந்தவர்களில் ஆர். சண்முகம் (‘சயாம் மரண ரயில்’), அ. ரெங்கசாமி (‘நினைவுச் சின்னம்’), உங்கள் கெடாக்காரரான கோ. புண்ணியவான் (‘கையறு’) மூவரையும் படிக்கவேண்டும். ரெங்கசாமியில் தொடங்குங்கள். அலங்காரம் இல்லாத நடை, நடந்ததை நடந்தபடி சொல்வார். அவருடைய ‘இமையத் தியாகம்’ நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களைப் பற்றியது. சயாமும் இந்திய தேசிய இராணுவமும் ஒரே காலத்தவை என்பதால் இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஜப்பானியர் ஆண்ட அந்த மூன்றரை ஆண்டு நன்றாக விளங்கும்.

தோட்டத்தின் அன்றாடத்துக்கு சீ. முத்துசாமி. சுங்கை பட்டாணிக்காரர், 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர். லயத்துப் பேச்சும், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் பேச்சும், லயத்து இருட்டும் அவரிடம் அப்படியே இருக்கும். ஆனால் அவர் கதையை நேர்கோட்டில் சொல்லமாட்டார். ‘மண் புழுக்கள்’ நாவலை முதலில் எடுத்துத் திணறவேண்டாம். முதலில் அவருடைய சிறுகதைகள் சில, பிறகு நாவல். பல எழுத்தாளர்களை ஒரே இடத்தில் பார்க்க சை. பீர்முகம்மது தொகுத்த ‘வேரும் வாழ்வும்’ சிறுகதைத் தொகுப்பு இருக்கிறது. அதில் யாருடைய கதை உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, அவருடைய மற்றப் புத்தகங்களைத் தேடிப் போங்கள். பிடித்த எழுத்தாளரைக் கண்டுபிடிக்க இதைவிடச் செலவு குறைந்த வழி இல்லை.

அகிலனின் ‘பால்மரக்காட்டினிலே’ நம் ரப்பர் தோட்டங்களைக் களமாகக் கொண்டது. வந்து பார்த்துப் போனவரின் அன்பு அதில் இருக்கிறது. உள்ளே பிறந்தவரின் கோபத்துக்கு மேலே சொன்னவர்களிடம்தான் போகவேண்டும்.

ப. சிங்காரத்தைத் தனியாகச் சொல்லவேண்டும். சிறுவயதிலேயே சுமத்ராவில் உள்ள மேடானுக்கு வேலைக்குப் போனவர். எழுதியது இரண்டே நாவல். எல்லாரும் ‘புயலிலே ஒரு தோணி’யைத்தான் சொல்வார்கள், அதில்தான் எல்லாரும் விழுவதும். முதல் பக்கத்திலேயே ஜப்பானியர் மேடானுக்குள் நுழைகிறார்கள். பிறகு நாயகன் பாண்டியனின் நினைவில் சின்னமங்கலம் வரும், மதுரை வரும், பினாங்கு வரும். யார் பேசுகிறார் என்று குறிப்பில்லாமல் பக்கம் பக்கமாகப் பேச்சு ஓடும். ஆகவே 1959இல் வந்த ‘கடலுக்கு அப்பால்’ முதலில். பினாங்கு, போர் முடிந்த காலம், படையிலிருந்து திரும்பிய செல்லையா, முதலாளி மகள் மரகதம். ஒரே கோட்டில் போகும் கதை. வட்டிக்கடையின் ஏறுவரிசை, அதாவது பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள், முதலாளி என்பது அதிலேயே மனத்தில் பதிந்துவிடும். அதன்பிறகு 1972இல் வந்த ‘புயலிலே ஒரு தோணி’யை எடுத்தால் பாதி சிரமம் குறைந்திருக்கும். பினாங்கு, மேடான், ஜாவா தெரிகிற வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குழப்பமான உரையாடலைச் சத்தமாக வாசியுங்கள், குரல் பிரிந்துவிடும். உள்ளே கலந்துவரும் மலாய்ச் சொற்களில் தமிழ்நாட்டு வாசகர் தடுக்கி விழுவார். நீங்கள் நிற்காமல் போவீர்கள்.

மற்ற நாட்டுத் தோட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதையான புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’. ஆனைமலைத் தேயிலைக் காட்டைப் பற்றி அங்கே மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய ‘எரியும் பனிக்காடு’.

கிடைக்கும் இடம்: மலேசியத் தமிழ் நூல்கள் குறைந்த படிகளே அச்சாகும், தீர்ந்தால் தீர்ந்ததுதான். எழுத்தாளரிடமே நேரில் வாங்குவது பல சமயம் ஒரே வழி. தமிழ்ச் சங்க நிகழ்ச்சிகளுக்குப் போனால் பார்க்கலாம். கடையில் இல்லாவிட்டால் நூலகம். 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஐந்து படி தேசிய நூலகத்துக்குப் போகவேண்டும். ஆகவே கோலாலம்பூர் துன் ரசாக் சாலையில் உள்ள தேசிய நூலகப் பட்டியலில் தேடுங்கள். இந்திய ஆய்வியல் துறை உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நல்ல சேர்க்கை உண்டு. பட்டியலில் தமிழ்த் தலைப்பை ரோமன் எழுத்தில்தான் பதிந்திருப்பார்கள். ழ, ள, நெடில், குறில் எல்லாம் ஆளுக்கொரு விதமாக இருக்கும். தலைப்பை விட்டு, எழுத்தாளர் பெயரின் முதல் நான்கைந்து எழுத்தை மட்டும் போட்டுத் தேடினால் விரைவில் அகப்படும்.

பழைய பலகை வீடு. புத்தகங்களில் பூஞ்சணம் பிடிக்கிறது, பக்கங்கள் கழன்று விழுகின்றன. ரசகற்பூர உருண்டை போட்டும் பயனில்லை.
– ஓய்வு பெற்ற தமிழாசிரியை, பீடோங் அருகே தோட்டம்

அந்த உருண்டையை முதலில் எடுத்துவிடுங்கள், டீச்சர். அது பூச்சியை விரட்டும், பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது. வீட்டில் ஜி6பிடி குறைபாடு (பிறவியிலேயே வரும் நொதிக் குறைபாடு) உள்ள குழந்தை இருந்தால் அந்த நெடி ஆபத்து. இரத்தச் சிவப்பணு உடைந்து கடும் மஞ்சள்காமாலை வரும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கெல்லாம் இந்தச் சோதனை செய்வது சும்மா இல்லை.

பூஞ்சணத்துக்குக் காரணம் ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேலேயே நின்றால் வரத்தான் செய்யும். நம் ஊரில் மழைக்காலத்தில் 80க்குக் குறையாது. காற்று நகர்ந்தால் பிடிப்பது குறையும். அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. தள்ளி வையுங்கள். அடித்தட்டு தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். விரல் நுழையும் அளவு இடம் விட்டு அடுக்குங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வைப்பதுதான் பலர் செய்யும் தவறு, உள்ளிருக்கும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் போகிறது. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி என்றால் ஒரு தட்டுக்கு 200 கிராம் அளவு சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் அடுப்பில் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாம்.

பிடித்துவிட்ட புத்தகத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், பூஞ்சணம் தாளுக்குள் இறங்கிவிடும். நிழலில் விசிறிக் காற்றில் இரண்டு நாள் பிரித்து வையுங்கள். 20 பக்கத்துக்கு ஒன்றாகச் சமையலறைத் தாள் சொருகுங்கள். பூஞ்சணம் தூளாகக் காய்ந்ததும் முகக்கவசம் போட்டு, வீட்டுக்கு வெளியே, மென்மையான பிரஷால் உங்களுக்கு எதிர்ப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். கடும் வெயிலில் நாள் முழுக்க வைத்தால் மலிவுத் தாள் பழுத்து நொறுங்கும். இராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தை இரண்டு பைகளில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும், இல்லாவிட்டால் தாள்மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

கழன்ற பக்கத்துக்குச் செலோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டில் மஞ்சளாகி, பசை எழுத்தின்மேல் இறங்கும். ஒரு தாள் மட்டும் கழன்றிருந்தால் உள்விளிம்பில் 2 மி.மீ. அகலத்துக்கு வெள்ளைப் பசையைத் தீக்குச்சியால் மெல்லியதாகத் தடவி, இடத்தில் பொருத்தி, இருபுறமும் மெழுகுத்தாள் வைத்து, மேலே கனம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். முதுகு முழுவதும் விட்டுப்போயிருந்தால் அட்டையைக் கழற்றி, தாள்களைத் தட்டி நேராக்கி, இரண்டு பலகைக்கு நடுவே முதுகு ஒரு விரல்கடை வெளியே தெரியும்படி இறுக்குங்கள். முதுகை இடப்பக்கம் சாய்த்து விசிறிபோல் விரித்துப் பசை, வலப்பக்கம் சாய்த்து மறுபடி பசை. இப்படிச் செய்தால் ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் ஒரு மயிரிழை பசை ஏறும். நேரே மேல்பூச்சு மட்டும் பூசினால் ஓரத்தில் பசை ஏறாது, ஒரு மாதத்தில் மறுபடி உதிரும். 12 மணி நேரம் காய்ந்தபின் மெல்லிய பருத்தித் துணிப்பட்டை ஒட்டி, அட்டையைச் சேருங்கள். சூப்பர் குளூ வேண்டாம், கல்லாக இறுகி, திறக்கும்போது தாளோடு உடையும்.

புலனத்தில் (வாட்ஸ்அப்) நாவல்களைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார்கள். படிப்பது தவறா?
– வாசகர், குருண்

யாருடையது என்பதைப் பொறுத்தது. கல்கி, புதுமைப்பித்தன், பாரதிதாசன், ராஜம் கிருஷ்ணன் ஆகியோரின் எழுத்தைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியிருக்கிறது, தயங்காமல் படிக்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்திலும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பல கிடைக்கின்றன. படமாக எடுத்த கோப்பு கைப்பேசியில் கண்ணை வருத்தும். மதுரைத் திட்டத்தில் யூனிகோடு எழுத்தில் உள்ளவற்றை எடுத்தால் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம், சொல்லைத் தேடலாம்.

வாழும் எழுத்தாளரின் நூலை அப்படி வாங்காதீர்கள், அனுப்பவும் வேண்டாம். நம் நாட்டில் எழுத்தாளர் மறைந்து 50 ஆண்டுவரை உரிமை உண்டு. சில நூறு படி அச்சடித்துக் கைப்பணம் போட்டவரின் நூல் ஒரே புலனக் குழுவில் சுற்றினாலே அவருடைய அடுத்த நூல் நின்றுபோகும்.

கோயில் மண்டபத்தில் மாதம் ஒருமுறை வாசிப்பு வட்டம் வைக்க ஆசை. இரண்டு முறை தொடங்கி நின்றுவிட்டது. நாவலைப் படித்து வரச் சொன்னோம்.
– இளைஞர் குழு, பீடோங்

நின்றதற்குக் காரணம் உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. பத்துப் பேரில் மூன்று பேர் முடித்திருப்பார்கள், மற்றவர்கள் வெட்கப்பட்டு அடுத்த மாதம் வரமாட்டார்கள். ஒரு சிறுகதை போதும், அதையும் அங்கேயே வாசியுங்கள். பத்துப் பன்னிரண்டு பக்கக் கதைக்கு அரைமணி நேரம், நாலு பேர் பிரித்துச் சத்தமாக வாசிக்கட்டும். பேச்சுக்கு முக்கால் மணி. மொத்தம் ஒன்றரை மணியைத் தாண்டவேண்டாம். எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் நல்ல அளவு. கதைக்குப் பொருள் என்ன என்று கேட்டால் எல்லாரும் வாயடைத்துவிடுவார்கள். ‘எந்த இடத்தில் நின்றீர்கள்?’ என்று கேளுங்கள், பேச்சு தானாக வரும்.

முதல் மாதத்துக்குக் கி. ராஜநாராயணனின் ‘கதவு’. வரி கட்டாததற்காக வீட்டுக் கதவைக் கழற்றிக்கொண்டு போகிறார்கள், அதில் ஆடி விளையாடிய பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்பதே கதை. லயத்தில் வளர்ந்த யாருக்கும் பேச ஏதாவது இருக்கும். பிறகு அசோகமித்திரனின் ‘புலிக் கலைஞன்’. மூன்றாவதாகக் கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’. அழகிரிசாமி 1952இலிருந்து 1957வரை கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவில் இருந்தவர். இங்கே எழுதத் தொடங்கிய இளைஞர்களைக் கூட்டி வைத்து இலக்கியம் பேசியவர். நீங்கள் நடத்தப்போவதும் அதே வேலைதான்.

கண்புரை அறுவை செய்துகொண்ட பாட்டிக்குப் ‘பொன்னியின் செல்வன்’ படிக்க ஆசை. எந்தப் பதிப்பு வாங்கலாம்?
– பேத்தி, பீடோங்

நாட்டுடைமை ஆனதால் பல பதிப்பகங்கள் போடுகின்றன. ஐந்து பாகத்தையும் ஒரே கட்டாகச் சேர்த்த மலிவுப் பதிப்பு வேண்டாம். எழுத்து பொடி, தூக்கினால் பாட்டியின் மணிக்கட்டு வலிக்கும், நடுப்பக்கத்தில் முதுகு பிளக்கும். ஐந்தும் தனித்தனியாக உள்ளதை வாங்குங்கள். வாங்குமுன் நடுவில் திறந்து மூன்றைச் சோதியுங்கள்: எழுத்து 13 புள்ளிக்குக் குறையாமல் இருக்கவேண்டும், வரிக்கு வரி நல்ல இடைவெளி இருக்கவேண்டும், பின்பக்க எழுத்து தாளில் தெரியக்கூடாது. கடைசியானதுதான் வயதான கண்ணை அதிகம் களைக்கவைக்கும்.

மொத்தம் 293 அத்தியாயம். காலையில் ஒன்றைப் பாட்டியே படிக்க, இரவில் ஒன்றை நீங்கள் வாசித்துக் காட்டினால் ஐந்து மாதத்தில் முடியும். முதல் பாகமான ‘புது வெள்ளம்’ 57 அத்தியாயம். ஐந்தாம் பாகமான ‘தியாகச் சிகரம்’ 91, அதுதான் ஆகத் தடிமன். அதை மட்டும் வாங்கியவுடன் பைண்டிங் கடையில் கொடுத்து, 45ஆம் அத்தியாயத்தோடு பிரித்து இரண்டு புத்தகமாகக் கட்டித் தரச் சொல்லுங்கள்.